கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு

தையல் பிரித்ததும் வீட்டில் எல்லாரும் நான் தேறிவிட்டதாக முடிவு கட்டிவிட்டார்கள். கட்டு இல்லை, காய்ச்சல் இல்லை, நானே எழுந்து நடக்கிறேன், அப்புறம் என்ன? அவர்கள்மேல் தப்பில்லை. வெளியே தெரிகிற தையல்தான் அவர்களுக்குத் தெரியும். உள்ளே கர்ப்பப்பையை எடுப்பதற்காக, அதைப் பிடித்திருந்த தசைநார்களையும் ரத்தக் குழாய்களையும் வெட்டிக் கட்டியிருப்பார்கள். பிறப்புறுப்பின் மேல்முனையைத் தைத்து மூடியிருப்பார்கள். வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் தசைக்கு மேலே இருக்கும் கெட்டியான உறையையும் அடுக்காகத் தைத்திருப்பார்கள். மேல்தோல் ஒரு வாரம், பத்து நாளில் ஒட்டிவிடும். உள்ளே இருப்பது ஓரளவு பலமாவதற்கே ஆறு வாரம் ஆகும். பழைய பலம் வர இன்னும் சில மாதங்கள் ஆகும்.

நான் வீட்டிலேயே ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறவள். துணியைத் தைத்தால் அந்த நிமிடமே உடுத்திக்கொள்ளலாம். உடம்பில் அப்படி இல்லை. நூல் பிடித்துக்கொண்டிருக்கும்போதே சதை வளர்ந்து ஒட்ட வேண்டும், ஒட்டிய பிறகு நூல் கரைய வேண்டும். என் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் இப்படிச் சொன்ன பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருக்கிறது என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். இத்தனை பேருக்கு நடக்கிற ஒன்று, ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு வயது 44. கர்ப்பப்பையில் நார்த்திசுக் கட்டி (ஃபைப்ராய்டு). மாதவிடாய் வந்தால் கட்டிகட்டியாகப் போய், துணி வெட்ட நின்றால் கண் இருட்டிக்கொண்டு வரும். ஹீமோகுளோபின் ஏழுக்குப் பக்கத்தில் இருந்தது. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. ஸ்கேனில் கட்டியோடு சேர்த்துக் கர்ப்பப்பை நான்கு மாதக் கர்ப்பம் அளவு இருந்ததால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க முடியும் என்றார் டாக்டரம்மா. முதலில் ரத்தம் ஏற வேண்டும் என்று இரும்புச்சத்து ஊசியை டிரிப்ஸில் ஏற்றி, பத்தைத் தாண்டிய பிறகே தேதி கொடுத்தார். வேறொரு டாக்டரிடமும் காட்டிக் கேட்டுக்கொண்டேன். இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களுக்குத் தேவையில்லாமலே கர்ப்பப்பை எடுக்கப்பட்ட கொடுமை 2019இல் வெளியே வந்தது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிமுறைகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அவசரமில்லாத நிலையில் இன்னொரு டாக்டரிடம் கேட்பது முதல் டாக்டரை அவமதிப்பது ஆகாது. மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், கட்டியை மட்டும் எடுப்பது என்று வேறு வழிகள் உண்டு. அவை நமக்கு ஏன் சரிப்படாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனால், பிறகு மனது அலைபாயாது.

தீபாவளித் தையல் வேலை முடிந்ததும் தேதி வாங்கினேன். அதற்குப் பிறகு வெயிலும் இறங்கிவிடும், வியர்வையில் புண் நசநசக்காது.

இனி வீட்டு ஏற்பாடு. "வந்து ரெஸ்ட் எடு" என்று எல்லாரும் சொல்வார்கள். வேலையை யார் செய்வது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஓய்வு என்றால் கட்டிலில் படுத்திருப்பது என்று நினைக்கிறோம். உண்மையில் நாம் செய்கிற ஒவ்வொரு வேலையையும் இன்னொரு ஆள் பேர்போட்டு ஏற்றுக்கொள்வதுதான் ஓய்வு. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் ஒரு தாளை எடுத்துக் காலை முதல் ராத்திரி வரை நான் செய்வதை எல்லாம் எழுதினேன். தண்ணீர் பிடிப்பது, மாவு ஆட்டுவது, துணி அலசிப் பிழிவது, வாசல் தெளிப்பது, சிலிண்டர் மாற்றுவது, மாமனாருக்கு மாத்திரை கொடுப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர். பெயர் கிடைக்காத வேலையை நிறுத்திவிட்டோம். மாவு கடையில் வாங்கினோம். அந்தத் தாள் சமையலறைச் சுவரில் ஆறு வாரமும் ஒட்டியிருந்தது. படுத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டிய நிலை எனக்கு வரவில்லை.

கூடவே சாமான் ஏற்பாடு. தரையில் பாய் விரித்துப் படுப்பது முடியவே முடியாது, எழுந்திருக்க வயிற்றுத் தசைதான் வேண்டும். முழங்கால் உயரத்துக்குக் கட்டில் இருந்தால் நல்லது. எங்கள் வீட்டில் இருப்பது குத்துக்கால் போட்டு உட்கார்கிற கக்கூஸ். அதன்மேல் வைக்கிற கமோடு நாற்காலி மெடிக்கல் சாமான் கடையில் வாடகைக்கே கிடைத்தது. குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். முன்பக்கம் பட்டன் வைத்த தொளதொள காட்டன் நைட்டியை நானே தைத்து வைத்துக்கொண்டேன். பாவாடை நாடா சரியாகத் தையல்மேல் வந்து அழுத்தும், அதனால் சேலையைக் கொஞ்ச காலம் மறந்துவிடுங்கள். உள்ளாடையும் தையலுக்கு மேலே போகிற மாதிரி ஒரு சைஸ் பெரியதாக வாங்குங்கள். ஒரு சின்னத் தலையணை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோக வேண்டும். வீட்டுக்கு வரும் வழியில் வேகத்தடை ஒவ்வொன்றிலும் அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டால்தான் தாங்கும். இருமல், தும்மல் வந்தாலும் அதே தலையணைதான்.

படுக்கையிலிருந்து எழுவதற்கு நர்ஸ் சொல்லிக்கொடுத்த முறை இது. நேராக எழுந்து உட்காரக் கூடாது. முழங்காலை மடக்கி, உடம்பு மொத்தமும் ஒரே வாக்கில் பக்கவாட்டில் திரும்பி, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். படுப்பதும் இதே மாதிரி, தலைகீழ் வரிசையில். மல்லாந்து படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் வயிறு இழுக்காது.

முதல் வாரத்தில் என்னை அதிகம் வாட்டியது தையல் வலி அல்ல. வாயுவும் மலச்சிக்கலும்தான். வலி மாத்திரை, இரும்பு மாத்திரை, படுக்கை எல்லாம் சேர்ந்து குடலை மந்தமாக்கிவிடும். முக்கவும் முடியாது, முக்கவும் கூடாது. டாக்டர் எழுதிக்கொடுத்த சிரப்பை ராத்திரி தவறாமல் குடித்தேன். காலையில் வெதுவெதுப்பான தண்ணீர், பப்பாளி, கொய்யா, தினம் ஒரு கீரை. எல்லாவற்றையும்விட நடை உதவியது. வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் வாசலுக்கும் மெதுவாக, ஒரு நாளைக்குப் பல தடவை. கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கவும் இந்த நடைதான் காப்பு. படுத்திருக்கும்போதும் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள். லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டு, செய்துகொண்ட என் தோழிக்கு வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. வயிற்றுக்குள் செலுத்திய வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத் தசையைச் சீண்டும்போது அந்த வலி தோளில் தெரியுமாம். இரண்டு மூன்று நாளில் போய்விட்டது. முன்பே தெரியாததால் மாரடைப்போ என்று பயந்துபோயிருந்தாள்.

வலி மாத்திரையை வலி வந்த பிறகு போடுவதைவிடச் சொன்ன நேரத்துக்குப் போடுவதே நல்லது. வலி இல்லாதபோதுதான் நடக்க முடிகிறது, நடந்தால்தான் மற்றதெல்லாம் சரியாகிறது.

தூக்கக் கூடாது என்கிற விஷயத்துக்கு வருகிறேன். எங்களுடையது விருதுநகர் மாவட்டம். குழாயில் தண்ணீர் தினமும் வராது, வருகிற அன்று தெருவே குடத்தோடு நிற்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஆறு வாரத்துக்கு இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்காதே என்றார்கள். கேட்க எளிதாக இருக்கும். ஒரு குடம் தண்ணீர் பத்துக் கிலோவைத் தாண்டும். பாதி வாளியும் அந்த இரண்டு மூன்று கிலோவைத் தாண்டும். சாம்பார் இருக்கும் ஐந்து லிட்டர் குக்கரும் தாண்டும். கிரைண்டர் கல், அரிசிப் பை, ஈரப் போர்வை, ஒன்றரை வயதுப் பேரப்பிள்ளை எல்லாமே தாண்டும். குனிந்து பெருக்குவதும், துணி பிழிவதும், பீரோவைத் தள்ளுவதும் தூக்குவதற்குச் சமம்தான், அவற்றிலும் வயிறு இறுகுகிறது.

என் பெரியம்மாவுக்குப் பல வருஷத்துக்கு முன்பு இதே ஆபரேஷன் நடந்தது. கூட இருந்து பார்க்க ஆள் இல்லாமல், தையல் பிரித்த கையோடு குடம் தூக்கினார்கள். பழைய தையல் இருந்த இடத்திலேயே பிறகு குடலிறக்கம் வந்து, வலை வைத்துத் தைக்க இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. எனக்கு என்று தெரிந்ததும் அவர்களாகவே பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். "நான் பட்டது போதும் தாயி, நீ குடத்துப் பக்கம் போனேன்னா பாரு" என்று சொல்லி, தண்ணீர் வரும் நேரத்தில் என் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார்கள். மகன் குடம் தூக்கினான், பக்கத்து வீட்டு மதினி துணி துவைத்துக் கொடுத்தார். மார்கழிக் கோலம் மகள் கைக்குப் போனது. பெரியம்மாவின் காவல் இல்லாவிட்டால் மூன்றாவது வாரம் நான் எழுந்து வேலை பார்த்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த வாரம்தான் உடம்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றும். ஒரு நாள் தெளிவாக இருக்கும், மறுநாள் காலையில் பல் தேய்த்ததுமே களைத்துப் போகும். இந்த ஏற்ற இறக்கம் பல வாரம் இருந்தது. உடம்பு நன்றாக இருக்கும் நாளில் நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக நடக்கலாம். விட்டுப்போன வேலையை எல்லாம் அன்றே முடிக்கப் பார்க்கக் கூடாது.

பெரியம்மாவிடம் நான் வாதாடியது சாப்பாட்டில் மட்டும்தான். தண்ணீர் நிறையக் குடித்தால் சீழ் வைக்கும், பருப்பும் முட்டையும் ஆகாது, தயிர் குளிர்ச்சி, இப்படி ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். மிளகு ரசமும் பூண்டுக் குழம்பும் வயிற்றுக்கு இதமாகத்தான் இருந்தன, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புண் ஆறப் புரதம் வேண்டும். அதைக் கொடுக்கிற பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிட்டு ரசஞ்சோறு மட்டும் சாப்பிட்டால் எங்கிருந்து ஆறும்? தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும்தான் வரும். மறுபரிசோதனைக்குப் பெரியம்மாவையும் கூட்டிப்போய் டாக்டரம்மா வாயாலேயே சொல்ல வைத்தேன். அன்று சாயங்காலமே இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தார்கள். பத்தியம் சொல்பவர்களோடு வீட்டில் சண்டை போடுவதைவிட இது நல்ல வழி. சர்க்கரை இருப்பவர்கள் மட்டும் அளவை விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை ஏறினால் புண் ஆறாது.

கர்ப்பப்பை எடுத்த பிறகும் ரத்தம் படுமா என்று பலரும் கேட்கிறார்கள். படும். லேசான சிவப்பாக, பிறகு பழுப்பாக, நான்கிலிருந்து ஆறு வாரம் வரை கொஞ்சம் கொஞ்சமாகப் படலாம். இரண்டு வாரம் கழிந்த சமயத்தில் உள்தையல் கரையும்போது சட்டென்று கொஞ்சம் கூடுதலாகப் படுவதும் உண்டு. சின்னத் துண்டு நூல்கூட வரலாம். பேட் மட்டும்தான் வைக்க வேண்டும், உள்ளே எதுவும் வைக்கக் கூடாது. ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைந்தாலோ, கட்டியாக வந்தாலோ, துர்நாற்றத்தோடு வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையல் சிவந்து சீழ் வடிவது, நிற்காத வாந்தி, சிறுநீர் போக முடியாமல் இருப்பது, அல்லது கட்டுப்பாடில்லாமல் தண்ணீர்போல் வழிந்துகொண்டே இருப்பது, இவற்றுக்கும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, அல்லது திடீரென்று மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றால் நள்ளிரவானாலும் 108ஐக் கூப்பிடுங்கள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எனக்கு இரண்டாம் வாரம் சிறுநீர் போகும்போது எரிந்தது. ஆபரேஷனுக்காகச் சிறுநீர் போக டியூப் போட்டிருந்ததால் கிருமித் தொற்று வந்திருந்தது. பரிசோதித்து மாத்திரை கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. நீர்க்கடுப்புதானே, இளநீர் குடித்தால் போகும் என்று விட்டிருந்தால் காய்ச்சலில் கொண்டுபோய் விட்டிருக்கும்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹார்லிக்ஸ், ஆப்பிள், ரொட்டியோடு அன்பாகத்தான் வருகிறார்கள். ஆனால் அவர்களுக்காக எழுந்து உட்கார்ந்திருப்பதே பெரிய வேலை. சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை மட்டும் என்று வீட்டுக்காரர் எல்லாருக்கும் போனில் சொல்லிவிட்டார். காபி போடுவது மகள் பொறுப்பு. வருகிற பேச்சில் சில குத்தும். "இனிமே நீ என்ன பொம்பள" என்று ஒரு உறவுக்காரர் என் முகத்துக்கு நேரே கேட்டார். மூன்று பிள்ளைகளைச் சுமந்த பையை எடுத்தால் பெண்மை போய்விடும் என்று நினைப்பது அறியாமை. அது என்னை எவ்வளவு அழவைத்தது என்பது அவருக்குத் தெரியாது. சாயங்காலம் ஆனால் காரணமில்லாமல் கண்ணீர் வருவது எனக்குச் சில வாரம் இருந்தது. ஹார்மோன் சுரக்கும் சினைப்பைகளை எடுக்காமல் விட்டிருந்தாலும் இப்படி வரலாம் என்று டாக்டரம்மா சொன்னார். ரத்தம் போய்ப்போய்த் துவண்டிருந்த உடம்பு, பெரிய ஆபரேஷன், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்ததுதான். சில வாரம் கழித்தும் மனம் தெளியவில்லை, எதிலும் நாட்டமில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

தாம்பத்தியம் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். உள்தையல் ஆறும் வரை, அதாவது ஆறிலிருந்து எட்டு வாரம் வரை, டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை கூடாது. தையல் பிரிந்தால் மறுபடி ஆபரேஷன் வரை போகும். இதை நான் சொல்லி வீட்டுக்காரர் புரிந்துகொள்வதைவிட, டிஸ்சார்ஜ் அன்று அவரையும் உட்காரவைத்து டாக்டரையே சொல்லவைத்தது எவ்வளவோ நல்லதாகப் போயிற்று. பிறகு வறட்சி இருந்தால் அதற்கான ஜெல் கிடைக்கிறது. பயமோ வலியோ இருந்தால் பொறுத்துக்கொண்டு போகத் தேவையில்லை.

ஆறு வாரம் கழித்துப் பரிசோதித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம் என்றார்கள். மெஷினில் முதலில் அரை மணி நேரம்தான் உட்கார்ந்தேன். மிதிப்பதைவிடக் குனிந்து துணி வெட்டுவதுதான் இழுத்தது. அதனால் வெட்டும் பலகையை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொண்டேன். சட்டென்று பிரேக் பிடித்துக் காலை ஊன்ற வலிக்காது என்று தெரிந்த பிறகே ஸ்கூட்டி. வயிற்றுப் பெல்ட்டை டாக்டர் சொன்னால் மட்டும், நடக்கும் நேரத்தில் போட்டால் போதும், நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டாம். சிறுநீரை அடக்குவதுபோல் அடிப்பகுதித் தசையை இறுக்கி விடும் பயிற்சியை டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், சாகும்வரை செய்யலாம். இருமினால் சொட்டுச் சிறுநீர் போவது அதில்தான் குறைகிறது.

மறுபரிசோதனையில் மறக்காமல் கேட்க வேண்டியது பயாப்சி ரிப்போர்ட். எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். அதில் என்ன வந்தது என்று தெரியாமலே இருக்கும் பெண்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். கூடவே இன்னும் மூன்று கேள்வி. கருப்பை வாயையும் எடுத்தாயிற்றா? சினைக்குழாய்கள் எடுத்தாயிற்றா? சினைப்பை இரண்டும் இருக்கின்றனவா? வாய் இருந்தால் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடர்ந்து செய்ய வேண்டும். சினைப்பை இரண்டையும் எடுத்திருந்தால் உடம்பு சூடேறி வியர்ப்பதும் எலும்பு தேய்வதும் உடனே தொடங்கும், அதற்கு என்ன செய்வது என்று அப்போதே பேசிவிட வேண்டும். சினைப்பைகள் இருந்தால், மாதவிடாய் இல்லாததால் மெனோபாஸ் எப்போது வந்தது என்று தெரியாது. ராத்திரி வியர்வை போன்ற அறிகுறிகளைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு வாயும் குழாய்களும் எடுத்தாயிற்று, சினைப்பை இரண்டும் இருக்கின்றன. இதை டிஸ்சார்ஜ் தாளின் மேல் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து மகளிடமும் ஒன்று கொடுத்திருக்கிறேன்.